பாதி ஊசிக்கு ஒரு ஜோடி

ஒரகடத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு ஒரு நாள் பயிற்சிக் கூட்டம். அங்கே அறுவை சிகிச்சை வார்டைக் கவனிக்கும் அனிதா ஒருகாலத்தில் என்னிடம் வேலை பழகியவள். "நீங்க வந்து பத்து நிமிஷம் பேசினா போதும் மேடம்" என்று போனில் கூப்பிட்டாள். ஓய்வு பெற்ற நர்ஸைப் பத்து நிமிஷம் பேசக் கூப்பிடுவது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் வார்டைச் சுற்றிக் காட்டினாள். ஒரு அறையில் வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒருவர் படுத்திருந்தார். வல்லம் வடகாலில் ஏதோ கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையாம். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. கட்டிலோரக் கம்பியில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் ஒரு பட்டன். வலித்தால் அவரே அமுக்கிக்கொள்ள வேண்டியதுதான், மார்ஃபின் கொஞ்சம் உள்ளே போகும். திரும்பத் திரும்ப அமுக்கினாலும் அளவுக்கு மேல் பெட்டி கொடுக்காது. எத்தனை தடவை அமுக்கினார் என்பதும் அதிலேயே தெரியும்.

"பாருங்க மேடம், நேத்து சாயந்திரத்துலேருந்து ரெண்டே ரெண்டு தடவதான் அமுத்தியிருக்காரு. வலி சூப்பரா கன்ட்ரோல்ல இருக்கு" என்றாள் அனிதா, சொந்தப் பிள்ளை முதல் ரேங்க் வாங்கிய மாதிரி.

நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் போல ஒரே ஆசை. எதிலும் மூக்கை நுழைக்கும் புத்தி வேலையோடு ஓய்வு பெறவில்லை.

கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், இந்த பம்ப்பு, ஸ்கோரு எல்லாம் இல்லாதப்ப நீங்க வலிய எப்படி அளந்தீங்க?"

"இருமச் சொல்லி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. பிரியாணி வாசனைக்கு முன்னால் யார் பேச்சு எடுபடும்? அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்தது சென்னையில். மூன்று வருடமும் திட்டு வாங்குவதிலேயே போயிற்று, அதில் எழுத ஒன்றுமில்லை. படித்து முடித்ததும் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு ட்ரஸ்ட் நடத்திய சிறிய ஆஸ்பத்திரி. ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஆண்களுக்கு ஒரு நீள வார்டு, பெண்களுக்கு ஒரு நீள வார்டு, அவ்வளவுதான். இன்றைக்குக் கம்பெனிகளாக நிற்கும் இடமெல்லாம் அன்றைக்கு நெல்வயல். நடுநடுவே ஒரு இரும்பு வார்ப்பட ஆலை, ஒரு பிரஸ் ஷாப், கல் உடைக்கும் கிரஷர் என்று முளைக்க ஆரம்பித்திருந்தன. அங்கே அடிபட்டவர்களும் நோயில் விழுந்தவர்களும் எங்களிடம்தான் வருவார்கள்.

நான் சொல்வது 1991. அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயர் எதற்காக உலகம் பூராவும் அடிபட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அந்த அமளியெல்லாம் அடங்கிய பிறகு, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு எங்களிடம் இருந்த பெரிய வலி மருந்து பெத்திடின். அபினியைப் போலவே வலியை அமுக்கும், அதைப் போலவே ஆளைப் பழக்கியும் விடும். அதனால் அரசாங்கக் கெடுபிடி அதிகம். இரும்பு பீரோவுக்குள் ஒரு மரப்பெட்டி. பீரோ சாவி ஒருவரிடம், பெட்டிச் சாவி இன்னொருவரிடம். மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும், ஆம்பூல் என்போம். கழுத்தைச் சிறிய அரத்தால் ஒரு கீறு கீறி, பஞ்சு வைத்து ஒடித்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். வார்டில் சில பேர் அந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள்.

ஒரு ஆம்பூலில் இருப்பது வாட்டசாட்டமான ஆளுக்கான அளவு. எங்கள் பக்கத்து ஒல்லி உடம்புகளுக்கு அதில் பாதிதான் டாக்டர் எழுதுவார். மீதியை எடுத்து வைக்கக்கூடாது. ஒருவர் கொட்ட வேண்டும், இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும், அதுதான் விதி. கைகழுவும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு நர்ஸுகள் இரங்கல் கூட்டத்தில் நிற்கிற மாதிரி நின்று அதைக் கொட்டுவோம். காலி ஆம்பூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த ஆம்பூல் வெளியே வரும்.

ட்ரஸ்ட், ஆபரேஷனுக்குச் சலுகை கொடுத்தது. மருந்துச் செலவு மட்டும் நோயாளியுடையது. ஆம்பூல் யாருக்காக உடைந்ததோ அவர் பில்லில் அதன் முழு விலையும் ஏறும், பாதி தொட்டிக்குப் போயிருந்தாலும். நடவுக்குப் போகிற ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி கிட்டத்தட்ட அதில் போய்விடும்.

எங்கள் வார்டு இன்சார்ஜ் தங்கம் சிஸ்டர், திருநெல்வேலிக்காரர். தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலே அவருக்குப் பொறுக்காது. "ஏட்டி விமலா, நல்ல மருந்தத் தொட்டியில ஊத்துதியே, கை கூசலையா ஒனக்கு?" என்பார், சட்டம் போட்டதே நான்தான் என்கிற மாதிரி. கடைசியில் அவரே மயக்க மருந்து டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு ஊசி தேவைப்பட்டால், ஒரு ஆம்பூலை உடைத்து, இரண்டு சிரிஞ்சில் பாதிப் பாதியாக எடுத்து, இரண்டு பேர் பில்லிலும் பாதி பாதி விலை போடலாமா?

"ரெண்டு பேருக்கும் நெஜமாவே வலிச்சா போடலாம்" என்றார் டாக்டர். மருந்து வீணாகவில்லை, ஏழைகளுக்குச் செலவு பாதியாயிற்று. தங்கம் சிஸ்டர் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார்.

அந்த டாக்டரின் பெயர் சம்பந்தம். காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஆளை மயக்கி, ஆபரேஷன் முடிந்ததும் எழுப்பிவிட்டால் மயக்க டாக்டரின் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். இவர் மறுநாளிலிருந்து வார்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். ஆனால் யாரிடமும் "வலிக்குதா" என்று கேட்கவே மாட்டார். வீம்பு பிடித்தவன் இல்லை என்பான், பயந்தவன் தொடுவதற்கு முன்பே ஆமாம் என்பான், இதில் எதை நம்புவது என்பது அவர் கட்சி. வயிற்றுத் தையல் மேல் ஒரு தலையணையை வைத்து, நோயாளியையே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, "எங்க, நல்லா அடியிலேருந்து ஒரு இருமல் இருமு பாப்போம்" என்பார். எப்படி இரும வேண்டும் என்று தானே இருமிக் காட்டுவார். முதல்முறை பார்க்கிறவர்கள் பாவம் டாக்டருக்கு நெஞ்சுச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவன் இருமும்போது டாக்டர் முகத்தைப் பார்க்க மாட்டார். போர்வையை விலக்கி அவன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வலியை முகத்தில் மறைக்கத் தெரிந்தவனுக்கும் காலில் மறைக்கத் தெரியாது. வலி அதிகமென்றால் பெருவிரல் தானாக மடங்கி மெத்தையைப் பற்றும். ஆழமாக இருமினால் மருந்து போதும் என்று அர்த்தம். தொண்டையைக் கனைத்துவிட்டுப் பல்லைக் காட்டினால் போதவில்லை. வயிற்றைத் திறந்து தைத்த ஆள் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டிருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காய்ச்சல் வரும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆபரேஷனில் பிழைத்தவர்கள் அதில் போயிருக்கிறார்கள்.

"வலியே இருக்கக் கூடாதுன்னு நாம மருந்து குடுக்கல சிஸ்டர். இருமுறதுக்குத்தான் குடுக்கறோம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொட்டு கொடுக்க விடமாட்டார். அதற்குக் குறைந்தாலும் விடமாட்டார்.

பாதி விலை ஏற்பாடு வந்து கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் என் கண்ணில் பட்டது. ஆண்கள் வார்டில் வலி ஜோடி ஜோடியாக வர ஆரம்பித்தது. தனியாக யாரும் ஊசி கேட்பதில்லை. கேட்டால் இரண்டு பேர். இரண்டு வீட்டுப் பெண்களும் சேர்ந்தே மேஜைக்கு வந்து நிற்பார்கள். "சிஸ்டர், எங்க வூட்டுக்காரருக்கு வலி தாங்கல. கதவாண்ட கீறாரே, அந்த அண்ணாத்தைக்கும் வலிக்குதாம்."

கொட்டாவி மாதிரி வலியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமோ என்று யோசித்தேன். அடுத்தடுத்த கட்டிலாக இருந்தாலாவது சரி. வாசலோரத்துக் கட்டிலுக்கும் ஜன்னலோரத்துக் கட்டிலுக்கும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சமயத்தில் வலிக்கிறது. சாப்பாட்டு நேரமா, கட்டுப் பிரிக்கும் நேரமா என்று பார்த்தேன், இரண்டும் இல்லை. கடைசியில் பிடித்துவிட்டேன். வார்ப்பட ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதுவார்கள். எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அது ஊதி ஓய்ந்த கையோடு இரண்டு பேருக்கு வலி வரும்.

அந்தச் சத்தம் தையலை அதிர வைக்கிறது என்று ஒரு பெரிய ஆராய்ச்சி முடிவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "பொம்பள வார்டுல எப்படி?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஜோடி ஜோடிதான். ஆனால் சங்குக்கு அல்ல, எதிர் டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்ததும். என் ஆராய்ச்சி அன்றைக்கே படுத்துவிட்டது. ஆனால் ஏன் என்ற நமைச்சல் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். வல்லத்துக்காரர், வார்ப்பட ஆலையில் காண்ட்ராக்ட் ஆள், பொழுதுக்கும் சுமை தூக்கும் வேலை. உடம்பு வலிக்குக் கடையில் விற்கிற மாத்திரையை வெறும் வயிற்றில் டீயோடு முழுங்கி முழுங்கி இரைப்பையில் புண்ணாகி, அது ஓட்டையாகி, பலகை மாதிரி இறுகிய வயிற்றோடு கொண்டுவந்தார்கள். உடனே ஆபரேஷன். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் தையல், மூக்கில் குழாய். மற்றவர்களுக்கு ஒரு நாள் போனதும் விலை குறைந்த சாதாரண வலி ஊசிக்கு மாற்றிவிடுவோம். அது இரைப்பைப் புண்காரருக்கு ஆகாது. இவருக்குப் பெத்திடினை விட்டால் வேறு கதியில்லை. வலி என்று கேட்டால் போடச் சொல்லி டாக்டர் எழுதிவைத்தார். மனைவி கன்னியம்மா வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டு, கட்டிலுக்கடியில் பாயை விரித்துக் குடித்தனம் நடத்தினாள்.

அதே நாளில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர் ரத்தினம். சைக்கிள் கடை வைத்திருந்தவர், ஊர்க்கதை முழுக்க அவரிடம் கேட்கலாம். முதல் இரண்டு நாள் சங்கு ஊதியதும் ஏகாம்பரத்துக்கும் ரத்தினத்துக்கும் சேர்ந்தே வலித்தது. ஒரு ஆம்பூல், ஆளுக்குப் பாதி. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டாவது இருமினார்.

அதற்குப் பிறகு ரத்தினத்தின் போக்கு எனக்குப் புரியவில்லை. குடலிறக்க ஆபரேஷன் ஆனவர்கள் அந்த நேரத்துக்கு எழுந்து நடந்துகொண்டிருப்பார்கள். இவரும் நடந்தார், சிரித்தார். ஆனால் சங்கு ஊதினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். ஊசி வேண்டும். சாதாரண ஊசி ஒத்துக்கொள்ளாதாம், அதுதான் வேண்டும். போடப் போட ஆள் வாடிவிட்டார். வாந்தி, ஓயாத தூக்கம், சிறுநீர் பிரியாமல் குழாய் போட வேண்டி வந்தது. ஒரு மத்தியானம் கிட்டே போய்ப் பார்த்தேன். மூச்சு ஆடி அசைந்து, போகட்டுமா வேண்டாமா என்று வந்துகொண்டிருந்தது. பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் வந்து கன்னத்தைத் தட்டி எழுப்பி, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு சீராகிற வரைக்கும் பார்த்தார். "இவருக்கு இனிமே பெத்திடின் கெடையாது" என்றார்.

பாதிக் கண் திறந்திருந்த ரத்தினம் கையைக் கூப்பிவிட்டார். "டாக்டர், அத்த மட்டும் நிறுத்தாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வெளியே வந்ததும் டாக்டர் தணிந்த குரலில் சொன்னார்: "பழகிட்டார் போல இருக்கு. சிலருக்குச் சீக்கிரமே பிடிச்சுக்கும். நல்ல வேளை, இப்பவே பாத்தோம்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. கன்னியம்மா எழுந்தாள், ரத்தினத்தின் கட்டிலைப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்துவிட்டாள். நானே போய்க் கேட்டேன். "அவருக்கு வலி இல்ல சிஸ்டர்" என்றாள். ஏகாம்பரமும் மூக்குக் குழாயோடு தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் அவருக்குக் காய்ச்சல். மூச்சு வேகமாக, மேலோட்டமாக. டாக்டர் தலையணையை வைத்து இருமச் சொன்னார். "க்கும்" என்றார் ஏகாம்பரம். டாக்டர் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பெருவிரலும் மடங்கிப் போர்வையைக் கவ்விக்கொண்டிருந்தன.

"ஊசி எழுதியிருக்கேனே, ஏன் போடல?"

"வலியே இல்லன்றாருங்க" என்றாள் கன்னியம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். இடது பக்கம் அடியில் காற்றே போகவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள இவர் இருமியாகணும். இல்லன்னா சென்னைக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மா காதில் விழாத தூரத்துக்கு வந்ததும், "இந்த நெஞ்சோட அவ்வளவு தூரம் தாங்குவாரான்னு தெரியல" என்றார். அதற்குள் டாக்டரை வேறொரு ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தியேட்டருக்குள் போனார்.

எனக்குக் கை வேலையில் ஓடவில்லை. காலில் வலி தெரிகிறவர் ஊசி வேண்டாம் என்கிறார். கால் விரல் சாதுவாகக் கிடக்கிறவர் ஊசிக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறார். இது எந்த ஊர் நியாயம்? ரத்தினத்தின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். முகம் துடைத்துவிட்டேன். மயக்கம் தெளிந்து ஆள் பழையபடி பேசுகிற நிலையில் இருந்தார்.

"அண்ணே, நெஜமா சொல்லுங்க. ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

"எனக்கா? எங்கியும் இல்லியே. அதெல்லாம் அன்னிக்கே பூடுச்சு சிஸ்டர்."

"அப்புறம் எதுக்கு ஊசி, ஊசின்னு உயிரை விட்டீங்க?"

என்னை விவரம் தெரியாத பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நான் போட்டுக்கலன்னா ஏகாம்பரத்துக்கு யாரு ஜோடி? ஒண்டியா ஒடைக்க கன்னியம்மா வுடாது. பாதி தொட்டிக்குப் போறத அது கண்ணால பாத்துகீது. அந்தாளும் வாயத் தொறக்க மாட்டான். நமக்கு இன்னா, ஒரு ஊசிதானே, குத்திக்குனு படுத்துனு இருக்கலாம்னு பாத்தேன்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிஷம் எழுந்தேன். கன்னியம்மாவைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னாள். எல்லாம் அந்தக் குழாயடியில் பேசி முடித்ததுதான். துணைக்கு வந்த பெண்களே ஜோடி சேர்த்துவிடுவார்கள். புதிதாக ஒருவர் வந்தால் படுக்கை விரிப்பதற்குள் அவர் வீட்டுப் பெண்ணிடம் "ஒங்களுக்கு ஜோடி கீதா?" என்று கேட்டுவிடுவார்களாம்.

"சங்கு எதுக்கு?" என்றேன். என் நமைச்சல் அந்த நேரத்திலும் அடங்கவில்லை.

"முன்னபின்ன கேட்டா ஜோடி சேராதே சிஸ்டர். ஒருத்தர் மூணு மணிக்குக் கேப்பாரு, ஒருத்தர் அஞ்சு மணிக்குக் கேப்பாரு. இங்க யாராண்ட வாட்சு கீது? சங்கு ஊதுனா எல்லாருக்கும் கேக்குது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பொம்பள வார்டுல சங்கு சரியா கேக்காதுன்னு ரேடியோ வெச்சிக்கினாங்க" என்றாள்.

"ஊசி இல்லாம அவர் இரும முடியாதும்மா. இருமலன்னா உயிருக்கே ஆபத்து."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "வலிய தாங்கிக்கினா போதும்னு நெனச்சிக்கினோமே சிஸ்டர். வலியால யாரு சாவறாங்கன்னு இவுருதான் சொன்னாரு."

தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற தங்கம் சிஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாவி, நான்லா இத ஆரம்பிச்சு வச்சேன். நல்லதுன்னு நெனச்சில்லா செஞ்சேன்" என்று கண்கலங்கினார்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ரேடியோவும் இதுக்குத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒருத்தர் வேணாம்னு சொன்னதையும் நம்பிட்டேன், ஒருத்தர் வேணும்னு சொன்னதையும் நம்பிட்டேன். ரெண்டுமே வலியைப் பத்தின பேச்சே இல்ல" என்றார். பிறகு தங்கம் சிஸ்டரிடம், "நீங்க செஞ்சது தப்பில்ல சிஸ்டர். அதை வச்சு இவ்வளவு பெரிய ஏற்பாடு பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? வாங்க" என்று நடந்தார்.

வார்டில் கன்னியம்மா எழுந்து நின்றாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு மருந்து குடுக்கப் போறோம்மா" என்றார் டாக்டர்.

"குடுங்க சார். துட்டு போனா போவுது. ஆனா ஜோடி இல்லியே, பாதி தொட்டிக்குத்தானே போவும்?" அந்த நேரத்திலும் அவளால் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஒரு சொட்டு போவாது. நீயே நின்னு பாரு."

ஆம்பூல் உடைந்த சத்தம் கேட்டதும் வார்டு முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. சங்கு ஊதாமல் அந்தச் சத்தம் கேட்பது அவர்களுக்குப் புதிது. டாக்டர் கொஞ்சம் மருந்தை மட்டும் எடுத்து, நீர் கலந்து, கை நரம்பில் வெகு மெதுவாக ஏற்றினார். மீதி முழுவதையும் உறிஞ்சி ஒரு சலைன் பாட்டிலுக்குள் விட்டுக் குலுக்கித் தொங்கவிட்டார். தசையில் ஒரே குத்தாகக் குத்தினால்தான் பாதிக்கு மேல் தாங்காது. சொட்டுச் சொட்டாக, பொழுது சாய்கிற வரைக்கும் போனால் முழு ஆம்பூலையும் ஒரே உடம்பு வாங்கிக்கொள்ளும். இதைச் செய்யலாம் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆனால் பக்கத்தை விட்டு நகராமல் ஒரு ஆள் உட்கார வேண்டும். மூச்சைப் பார்த்து, கண் சொருகினால் சொட்டைக் குறைத்து, வலித்தால் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிற நாலு நர்ஸில் ஒரு ஆளை ஒரே கட்டிலுக்கு யார் கொடுப்பார்கள்?

"ஏட்டி, நீ அவன்கிட்டயே இரு. மத்த வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் தங்கம் சிஸ்டர்.

உட்கார்ந்தேன். எனக்கு எதிரில் கன்னியம்மா. நான் ஏகாம்பரத்தின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வுழற சொட்டெல்லாம் அவரு உள்ளதான் போவுதா சிஸ்டர்?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டாள். எல்லாம் உள்ளேதான் என்றேன். ஏகாம்பரத்தின் நெற்றிச் சுருக்கம் மெல்ல மெல்ல அவிழ்ந்தது. காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் நிமிர்ந்துவிட்டது. இடது இன்னும் பிடிவாதமாக இருந்தது. சொட்டைக் கொஞ்சம் கூட்டினேன்.

டாக்டர் வந்தார், ஏகாம்பரத்தின் கையிலேயே தலையணையைக் கொடுத்தார். அதற்குள் ரத்தினம் சிறுநீர்க் குழாயின் பையைக் கையில் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டார்.

"இருமு ஏகாம்பரம். என் பாதியும் சேத்து உள்ள போயிகீது."

முதலில் "க்கும்" என்றுதான் வந்தது. டாக்டர் தானே அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமிக் காட்டினார். ஏகாம்பரம் கண்ணை மூடி, தலையணையை இறுக்கி, மூச்சை இழுத்தார். வந்த இருமலில் கட்டிலே ஆடியது. இன்னொன்று. அதற்கடுத்ததில் கெட்டிச் சளி பெயர்ந்து வந்து நான் நீட்டிய கிண்ணத்தில் விழுந்தது. அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம், இன்னொண்ணு" என்றார்.

காய்ச்சல் இறங்க நாளானது. நிமோனியாவுக்கென்று போட்ட ஊசிகளின் விலை, மிச்சம் பிடித்த பாதி ஆம்பூல்களையெல்லாம் தின்று ஏப்பம் விட்டது. ஆனால் சென்னைக்கு அனுப்பவில்லை, ஆள் நடந்து வீட்டுக்குப் போனார். டாக்டர் ட்ரஸ்ட்காரர்களிடம் மல்லுக்கட்டினார். உடம்புக்குள் போன மருந்துக்கு மட்டும் நோயாளி கொடுக்கட்டும், தொட்டிக்குப் போவது ஆஸ்பத்திரிக் கணக்கில் இருக்கட்டும் என்றார். கணக்கர் முகத்தைச் சுளித்தார். ஏகாம்பரத்தின் பில்லையே எடுத்து அவர் முன்னால் போட்டார் டாக்டர். ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள்.

குழாயடிக்கு நானே போய் அதைச் சொன்னேன். அடுத்த முறை சங்கு ஊதியபோது கதவைப் பார்த்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பிறகு ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு விதமாக, தனித்தனியாக வலி வந்தது. எங்களுக்கு வேலை இரண்டு மடங்கு. தங்கம் சிஸ்டர் மட்டும் தொட்டியருகே நின்று பெருமூச்சு விடுவதைக் கடைசி வரை விடவில்லை.

இவ்வளவையும் பிரியாணிக்கு முன்னால் எப்படிச் சொல்வது? சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ இடம் தேடிப் போன நான், கால் போன போக்கில் மறுபடியும் அந்தப் பெட்டி இருந்த அறைக்கே போய் நின்றேன். பிரித்துத்தான் பார்க்க முடியாது, நன்றாகப் பார்க்கவாவது செய்யலாமே என்று. காலையில் வந்த என்னை அந்த மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்து அறைக்கு யாரையோ பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டாள். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். பழக்க தோஷம், கண் நேராகக் கால்மாட்டுக்குப் போயிற்று.

போர்வைக்கு வெளியே தெரிந்த பெருவிரல் மடங்கி, மெத்தை உறையைச் சுருட்டிப் பிடித்திருந்தது.

காலையில் இதே அறையில் நின்று பெட்டியைப் பார்த்துத் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. எனக்கே என் மேல் கோபம் வந்தது. "தம்பி, ஒரு தடவ இருமுங்களேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "க்கும்" என்றார்.

அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினாள். "ஏம்மா, ஒங்களுக்குத் தெரியுமா? இந்த பட்டன ஒரு தபா அமுத்துனா எவ்ளோ பில்லு போடுவாங்க?"

நிமிர்ந்து பார்த்தால் கதவருகில் அனிதா. என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அவள் உள்ளே வந்தாள். பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்தாள்.

"அமுத்துறதுக்குத் தனியா காசே இல்லக்கா. எத்தன தடவ அமுத்தினாலும் ஒரே பில்லுதான். இத நான் நேத்தே சொல்லியிருக்கணும்" என்றாள்.

அந்தப் பெண் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பட்டனை எடுத்துப் புருஷன் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கி மூடினாள். "அமுத்துய்யா" என்றாள்.

அவர் அமுக்கினார். பெட்டி கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அனிதா தலையணையை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அவர் காலைப் பார்த்தபடி, இருமலுக்காகக் காத்திருந்தோம்.